செரோவானியில் மாமா என்றால் அப்பா

பிப்ரவரி 18

உறுதியான செய்தி: என் மகள் செண்பகவல்லியும் அவள் கணவன் லெவானும் உடன்பிறந்தவர்கள். ஆதாரம்: செரோவானி நகராட்சிச் சேவை இல்லத்தின் கணினி. இன்று காலை இரண்டாம் எண் மேசையில் சிவப்பு எழுத்தில் காட்டியது. ஜார்ஜிய எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. சிவப்பு தெரியும்.

திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸ் செய்தியாளராக இருந்த காலத்தில் பதிவுத் தவறுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உயிரோடு வந்து நின்றவரிடம் அவருடைய இறப்புச் சான்றிதழைக் கொடுத்தார்கள். ஓர் ஆண்பிள்ளைக்கு மகப்பேறு நிதி வந்தது. இரண்டையும் நான்தான் எழுதினேன். சிரித்துக்கொண்டே எழுதினேன். இன்று சிரிப்பு வரவில்லை.

காரணம் இது. செண்பாவுக்கு எட்டாவது மாதம். கணவன் இந்த நாட்டுக்காரன் என்பதால்தான் அவளுக்கு இங்கே தங்கும் அனுமதி. அது மார்ச் 20 வரை. புதுப்பிக்கப் போனோம். ஊரிலுள்ள பழைய பதிவேடுகளையெல்லாம் ஒரே கணினிக்குள் கொட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அதுதான் இந்த ஆண்டின் சீர்திருத்தம். சேர்த்ததும் கணினி தானாகவே ஆராய்ந்து, லெவானின் அப்பா பெயர் வக்தாங், செண்பாவின் அப்பா பெயரும் வக்தாங், இருவருக்கும் ஒரே வக்தாங் என்று கண்டுபிடித்துவிட்டது. ஒருவன் பிறந்தது செரோவானி, ஒருத்தி பிறந்தது பாளையங்கோட்டை. கணினிக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

திருமணம் 'நிறுத்திவைப்பு'. அனுமதியும் அப்படியே. எட்டாம் மாத வயிற்றோடு எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

இரவுச் சாப்பாடு: ரொட்டி, பீன்ஸ். இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 19

கட்டடத்தைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். நிர்வாகத்தில் ஒளிவுமறைவே கூடாது என்று மேலிடம் சொன்னபோது செரோவானிக்காரர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சேவை இல்லத்துக்கு நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர். உள்ளே யார் யாரிடம் என்ன கொடுக்கிறார், யார் கொட்டாவி விடுகிறார், எல்லாம் தெருவுக்குத் தெரியும். அது போதாதென்று மேசையில் பேசுவது வெளியே ஒலிபெருக்கியிலும் கேட்கும். எதிரே நகராட்சியே பெஞ்சு போட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு மாலை வரை பார்க்கிறார்கள். தொலைக்காட்சி விற்பனை குறைந்துவிட்டதாகக் கேள்வி, உறுதிசெய்யவில்லை.

ஊழியர்கள் பொதுமக்களிடம் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கக் கூடாது. முன்பெல்லாம் மனுவோடு ஒரு பாட்டில் ஒயின் வராவிட்டால் அதை மனுவென்றே எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

இரண்டாம் எண் மேசைப் பெண்ணின் பெயர் எக்கா. எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்போம். என் மகள் வயதுப் பெண்ணை வாய்நிறைய எக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கும் அது பிடித்திருக்கிறது. பெயரை இவ்வளவு பாசமாக யாரும் சொன்னதில்லையாம்.

கூரியர்காரர் வந்தார். என் மருந்துப் பொட்டலம். கதவைத் திறந்த என்னிடம் 'திரு. காந்திமதி' எங்கே என்று கேட்டார். இங்கே 'இ' என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆண் பெயர்கள்தான் என்று லெவான் விளக்கினான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மாவு பொங்கவில்லை. குளிர்.

பிப்ரவரி 20

லெவானின் ரொட்டி அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். பொங்கிவிட்டது.

பிப்ரவரி 22

தவறு எப்படி நடந்தது என்பது இன்று தெளிவானது. ஆதாரம்: எக்கா, நேரில்.

ஜார்ஜிய மொழியில் அப்பாவுக்கு 'மாமா' என்றுதான் பெயர். நாம் நீட்டுவதை அவர்கள் கொஞ்சம் குறுக்குவார்கள், அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் திருமணப் பதிவின்போது, கண்ணாடி இல்லாத பழைய கட்டடத்தில், இதே எக்கா பேனாவும் கையுமாக உட்கார்ந்து 'மாமா பெயர்?' என்று கேட்டிருக்கிறாள். செண்பா தன் மாமனார் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

நம் ஊர்ப் பெண் வேறு என்ன சொல்வாள்? திருமணத்துக்கு நான் வர முடியவில்லை. தேர்தல் நேரம், லீவு கிடைக்கவில்லை. போனில் ஒன்றே ஒன்று மட்டும் சொன்னேன்: வெளிநாடு என்பதற்காக மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, மாமா என்று கூப்பிடு, மரியாதை. அவளும் சொன்னபடி கேட்டிருக்கிறாள். இந்தத் தவறுக்கு யார் பொறுப்பு என்பது தெரியவில்லை.

எக்கா இன்னொன்றும் சொன்னாள். அன்று தனக்கே சந்தேகம் வந்து, இரண்டாவது முறை ஆங்கிலத்தில் 'ஃபாதர்ஸ் நேம்' என்று கேட்டாளாம். செண்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, அதே பெயரைத்தான் சொன்னாளாம்.

எக்காவின் ஆங்கிலம் சுமார்தான்.

திருத்தம் சுலபம் என்கிறாள். பதிவில் அப்பா என்று இருப்பவர் நேரில் வந்து, மேசை முன் நின்று, இவள் என் மகள் இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவே. அவளுக்காக நாலு இட்லி கொண்டுபோயிருந்தேன். தொடவே மறுத்துவிட்டாள். மதியம் லெவானின் ரொட்டிக் கடைக்கு வந்து அதே நாலு இட்லியையும் சாப்பிட்டாள். இது லஞ்சம் இல்லையா என்று கேட்டேன். சட்னி வைத்தால்தான் லஞ்சம் என்றாள்.

பிப்ரவரி 24

வக்தாங் மறுத்துவிட்டார்.

இவரைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்; தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். என் சம்பந்தி. மனைவியை இழந்தவர். பெரிய மீசை. பழைய போக்குவரத்துப் போலீஸ்காரர். லஞ்சத்தை ஒழிக்க ஒரே உத்தரவில் அந்தத் துறை முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்களே, அதில் போனவர். லஞ்சம் வாங்கினீர்களா என்று வந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன். தொழில் புத்தி. வாங்கினேன், நல்ல ஒயினாகப் பார்த்து வாங்கினேன் என்றார். இப்போதும் நாற்சந்தியில் நின்று கையைத் தூக்கினால் வண்டிகள் நின்றுவிடுகின்றன. கண்ணால் பார்த்தேன். தவிர, ஊரில் எந்த விருந்தென்றாலும் கோப்பையை உயர்த்தி முதலில் பேசுபவர் இவர்தான். அதற்குத் 'தமதா' என்று பெயர்.

அவருக்கும் எனக்கும் நடுவில் செண்பாதான் மொழிபெயர்ப்பாளர். அவள் வாயில் புகுந்து வரும்போது ஜார்ஜியர்கள் எல்லாரும் பாளையங்கோட்டைக்காரர்களாகிவிடுகிறார்கள்.

இன்று விஷயத்தைச் சொன்னதும் அவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார். செண்பா அவர் முகத்தைப் பார்க்காமலே மொழிபெயர்த்தாள்:

"எனக்கு மூணும் ஆம்பளப் பிள்ளைங்க. ஒருத்தன் போன் பண்ணமாட்டான், ஒருத்தன் துட்டு கேக்கத்தான் போன் பண்ணுவான், இவன் பக்கத்துலயே இருக்கான், அதனால பேசவே மாட்டான். இந்தப் பிள்ளை வந்த நாள்ல இருந்து என்னை அப்பான்னு கூப்பிடுது. ஊரே கேட்டிருக்கு. அந்த ஊருக்கு முன்னால, மைக்குல, இவ என் மவ இல்லன்னு நான் சொல்லணுமாக்கும்? கம்ப்யூட்டரைச் சொல்லச் சொல்லு."

எழுந்து போய்விட்டார். நானும் செண்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று ஆண்டுகளாக இவள் 'மாமா, சாப்பிட வாங்க' என்று சொல்லும்போதெல்லாம் அந்த மனிதர் காதில் 'அப்பா' என்று விழுந்திருக்கிறது.

"ஏளா, இது உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"முதல்ல தெரியாது" என்றாள்.

'பிறகு?' என்று நான் கேட்கவில்லை. பாத்திரம் துலக்க நிறைய இருந்தது.

பிப்ரவரி 27

வக்தாங் இன்னும் என்னிடம் பேசவில்லை. மழை. துணி காயவில்லை.

மார்ச் 2

வக்தாங் பேசினார். இரண்டு மணி நேரம். பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் அவர்தான் தமதா. அமைதிக்கு, இறந்தவர்களுக்கு, விருந்தாளிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கோப்பையை உயர்த்திவிட்டு, கடைசியில் செண்பாவைப் பார்த்து, மகள்களுக்கு என்றார். மேசை முழுக்க எழுந்து நின்றது. நானும் நின்றேன். என் கோப்பையில் மாதுளைச் சாறு.

உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். தமிழில் மாமா என்றால் அப்பா இல்லை, ஐயா, இது வெறும் ஒலி ஒற்றுமை என்று ஆங்கிலத்தில் மனப்பாடம்கூடச் செய்திருந்தேன். செய்தி என்றால் யார் மனம் நோகும் என்று பார்த்து நான் ஒருபோதும் நிறுத்திவைத்ததில்லை. இன்று நிறுத்திவைத்தேன். கேக் நன்றாக இருந்தது.

மார்ச் 5

செண்பாவுக்குக் கால் வீக்கம். டாக்டர் பயமில்லை என்கிறார். அவள் பயப்படுவது காலுக்கு அல்ல. இருபதாம் தேதிக்குள் பதிவு சரியாகாவிட்டால் பிள்ளை பிறக்கும்போது லெவானை அப்பா என்று எழுத முடியாது. கணினியின் கணக்கில் அவன் தாய்மாமன்.

கால் பிடித்துவிட்டேன்.

"அந்த மனுசன் இல்லன்னு சொல்லிட்டாவன்னே வையி. பொறவு அந்தக் கட்டத்துல என்ன எழுதுவாவ?" என்று கேட்டாள்.

உண்மையான பெயரை எழுதுவார்கள் என்றேன்.

"எந்தப் பேரும்மா? பள்ளிக்கூடத்துலயே நீ எழுதலியே. கா. செண்பகவல்லின்னு உன் இனிஷியலைத்தான் போட்ட. போனவர் பேரை எனக்குச் சொல்லித் தந்தியா நீ?"

அவர் போனபோது இவளுக்கு இரண்டு வயது. அந்தப் பெயர் எனக்கு நினைவில் இருக்கிறது. இந்த டைரியில் எழுத அவசியமில்லை.

"என் கல்யாணத்துக்கு வராததுக்கு என்னமோ தேர்தல்னு சொன்னியே. அந்த வருசம் என்ன தேர்தல்மா?"

கூட்டுறவுச் சங்கத் தேர்தல் என்றேன். அவள் சிரித்தாள். வீக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. என் ஊர் டிக்கெட் மார்ச் 8க்கு இருந்தது, மாற்றிவிட்டேன். இங்கே அடுப்பில் மாவு நன்றாகப் பொங்குகிறது, அதுதான் காரணம்.

மார்ச் 7

சொல்லிவிட்டேன்.

ரொட்டிக் கடையில், காலையில். லெவான் நடுவில் நின்று மாவைத் தட்டித் தட்டி அடுப்பின் உள்சுவரில் அறைந்தபடியே மொழிபெயர்த்தான். செண்பாவை அழைத்துப்போகவில்லை. தமிழில் மாமா என்பது அப்பா இல்லை என்றேன். லெவான் அந்த வாக்கியத்தைச் சொல்ல இரண்டு ரொட்டி போடும் நேரம் எடுத்துக்கொண்டான்.

வக்தாங் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் உங்கள் ஊரில் மாமா யார் என்று கேட்டார்.

அவசரத்தில் நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எங்கள் ஊரில் அப்பா தன்பாட்டுக்கு வந்து ஓரமாக உட்காருவார். மாமாவை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அழைத்தது சரியில்லை என்றால் அவர் கோபித்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நிற்பார். சமாதானம் செய்து கூட்டிவந்தால்தான் தாலி. குழந்தைக்குக் காது குத்துவது மாமா மடியில்தான். வேறு எந்த மடியும் செல்லாது.

பெண் கொடுத்த வீட்டில் மாமா, பெண் எடுத்த வீட்டில் மாமா, அம்மாவோடு பிறந்த மாமா என்று பல மாமாக்கள் இருக்கிறார்கள். நான் சொன்னதில் பாதி ஒருவருடையது, பாதி இன்னொருவருடையது. அதையெல்லாம் விளக்க நேரமில்லை. ரொட்டி தீய்ந்துகொண்டிருந்தது.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். லெவானே சிரித்துவிட்டான்.

"கோவிச்சுக்கிட்டு வெளியே நிக்கலாம்ங்கிறது, அது சட்டமா, பழக்கமா?"

உரிமை என்றேன். மீசையைத் தடவிக்கொண்டார். போகும்போது எனக்கு ஒரு ரொட்டி கொடுத்தார். சூடு தாங்காமல் சேலைத் தலைப்பில் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 9

நாளைக்குச் சேவை இல்லத்துக்கு வருவதாக வக்தாங் சொல்லியிருக்கிறார். ஆனால் முறைப்படி அழைக்க வேண்டுமாம். செரோவானியில் வெற்றிலை இல்லை. ஜாடியில் உப்புப் போட்டு வைத்திருந்த திராட்சை இலை வைத்து அழைத்தேன்.

மார்ச் 10

பெஞ்சுகள் நிரம்பி, சிலர் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். ஒரு மனுவை ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. மேசை மேல் கடிகாரம் பச்சையில் ஓடும், தாண்டினால் சிவப்பாகும். வக்தாங் பழைய போலீஸ் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இனி வருவது செண்பா என் காதில் சொன்னது.

"வக்தாங் ஐயா, இந்தப் பொண்ணு உங்க மகளா?" என்றாள் எக்கா.

அவர் வெளியே கூட்டத்தைப் பார்த்தார். செண்பாவைப் பார்த்தார்.

"இல்ல."

ஒலிபெருக்கியில் அந்தச் சொல் தெருவுக்குப் போயிற்று. விதை கொறிப்பது நின்றுவிட்டது. எக்கா கணினியில் தட்டிக்கொண்டே, அப்படியானால் நீங்கள் இவளுக்கு என்ன உறவு, விதிப்படி சொல்ல வேண்டும் என்றாள்.

"நான் இவளுக்கு மாமா."

எக்கா தட்டுவதை நிறுத்தினாள். "மாமான்னா அப்பாதானே? இப்பத்தானே இல்லன்னீங்க."

"அப்பா இல்ல. மாமா."

"ஐயா, ரெண்டும் ஒண்ணுதான்."

"நம்ம பாஷையில ஒண்ணு. இவ பாஷையில இல்ல."

"பதிவு நம்ம பாஷையிலதான் ஐயா இருக்கு."

கடிகாரம் சிவப்பாகிவிட்டது. கூட்டத்தில் யாரோ, மாமாவா இல்லையா, ஒன்றைச் சொல்லித்தொலை என்று கத்தியது கண்ணாடி தாண்டிக் கேட்டது. வக்தாங் மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். தமதா கோப்பையைத் தூக்கினால் எப்போது வைப்பார் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் சுருக்கமாகவே பேசினார். செண்பா இதை மொழிபெயர்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லெவான் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"அப்பா ஆகறதுக்கு ஒருத்தன் ஒண்ணும் செய்ய வேண்டாம். பிள்ளை பொறந்தாப் போதும், அவன் ஊர்ல இல்லாட்டாலும் அப்பாதான். மாமா அப்படி இல்ல. அந்தப் பிள்ளை வாயைத் திறந்து கூப்பிடணும். இது என்னைக் கூப்பிட்டுச்சு. அதனால நான் அப்பா இல்ல. எழுதிக்க."

எக்கா எழுதிக்கொண்டாள். என் கண்ணில் தூசி. நாலு பக்கமும் அடைத்த கட்டடத்தில் தூசி எப்படி வந்தது என்று தெரியவில்லை.

வக்தாங் பெயர் அழிந்ததும் அந்தக் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் மின்னத் தொடங்கியது. அப்பா பெயர் காலியாக இருக்கக் கூடாதாம். செண்பா என்னைப் பார்த்தாள். ஊரிலிருந்து முத்திரை வாங்கி வரவழைத்த அவளுடைய பள்ளிச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அதில் பெற்றோர் பெயர் என்று ஒரே வரிதான்.

எக்கா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "காந்திமதி." கடைசி 'இ'யை அழுத்திச் சொன்னாள். பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். இரண்டு வாரமாக நான் அவித்த இட்லியைச் சாப்பிட்டவள். என் பெயர் தெரியாதவள் இல்லை.

"நல்ல ஆம்பளப் பேரு" என்றாள், ஒலிபெருக்கியில் கேட்கும்படி. தட்டினாள். நட்சத்திரம் அணைந்தது.

பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் மறுநாள் திருத்தம் போடச் சொல்லிச் சண்டை பிடித்தவள் நான். இன்று மேசையிலிருந்த, சேவை திருப்தி என்று சொல்லும் சிரித்த முகப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

மார்ச் 12

எக்கா மதியம் வந்தாள். சட்னி வைத்தேன். தொட்டுக்கொண்டாள்.

வக்தாங் இப்போது என்னை 'மாமா காந்திமதி' என்று கூப்பிடுகிறார். ஜார்ஜிய மொழியில் அது பாதிரியாரைக் கூப்பிடுவதைப் போல இருக்கிறது என்று லெவான் சொல்கிறான்.

மார்ச் 14

மாலை நிலவரம்: செண்பாவும் லெவானும் இப்போது உடன்பிறந்தவர்கள் இல்லை. ஆதாரம்: அதே கணினி. திருத்தத்துக்குத் தலைநகரின் ஒப்புதல் மட்டும் பாக்கி. பதினெட்டாம் தேதிக்குள் வரும் என்று எக்கா சொல்கிறாள். அது வந்த அன்றே தங்கும் அனுமதியைப் புதுப்பித்துவிடலாம். குழந்தை ஏப்ரல் 9 வாக்கில். என் புதிய டிக்கெட் மே மாதம் என்று வைத்திருக்கிறேன்; அதுவும் மாறலாம்.

வக்தாங் இன்று முழுக்கத் தரையில் சம்மணம் போட்டு உட்காரப் பழகினார். முழங்கால் மடங்கவில்லை. லெவான் ஒரு கை, நான் ஒரு கை பிடித்துத் தூக்கினோம். எதற்கு இந்த வேதனை என்று கேட்டேன். பிள்ளைக்குக் காது குத்தும்போது மடி ஆடக் கூடாது என்றார். வேறு எந்த மடியும் செல்லாது என்று எனக்கே திருப்பிச் சொன்னார்.

அந்த மடி அம்மாவோடு பிறந்த மாமாவுடையது. செண்பாவோடு பிறந்தவர் யாரும் இல்லை. கணினியே இப்போது ஒப்புக்கொண்டுவிட்டது. இதை அவரிடம் விளக்க வேண்டியிருக்கிறது. தேதி இன்னும் தீர்மானிக்கவில்லை.